பீலி ஓடா, கள்ளிக்கோட்டை ஓடா?

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீட்டை (நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய வீடு) திருத்துவோருக்கு முதல் கேள்வி கூரைதான்.

பீலி ஓடு அரைக் குழாய் வடிவம். ஒரு வரிசை மல்லாக்க, அடுத்தது அதன் விளிம்புகளை மூடிக் குப்புற. ஆணி கிடையாது, பாரம்தான் பிடித்து வைக்கிறது. அணில் ஓடினாலே விலகும், மாரிக்கு முன் ஆள் ஏற்றி அடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஓட்டிடுக்குகளால் காற்றுப் போய்வருவதால் சித்திரை வெயிலிலும் உள்ளே இதம்.

கள்ளிக்கோட்டை ஓடு தட்டை. பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை வழியே பரவிய வகை. அச்சில் அழுத்திச் சுடுவதால் ஒன்றோடொன்று பூட்டும் விளிம்பும், சலாகையில் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாட்டும் முளையும் கூடவே வந்துவிடும். பாரமும் மரச்செலவும் குறைவு. உடைந்த ஒன்றை மட்டும் மாற்றலாம், அதே அச்சு கிடைத்தால்!

புது வீட்டுக்கு இதுவே சரி. பழைய தாழ்வாரத்தில் மரம் உறுதியாக இருந்தால் பீலியைக் கழற்றச் சொல்லமாட்டேன்.