ஆட்டுக் குப்பையில் வந்து நின்ற கதை: ஆறு வருடத் தோட்டக் கணக்கு

சேலத்துப் பக்கம் எருவை எரு என்று சொல்பவர்கள் குறைவு. குப்பை என்றுதான் சொல்வார்கள். மாட்டுக் குப்பை, ஆட்டுக் குப்பை, கோழிக் குப்பை. குடிவந்த புதிதில் நான் போனில் "ஒரு டிராக்டர் குப்பை வீட்டுக்கு வேணுங்க" என்று கேட்டதும், சென்னையில் வளர்ந்த என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள்.

2019இல் குரும்பப்பட்டிப் பக்கம் வீடு கட்டி வந்தோம். சுற்றிலும் மூன்று சென்ட் காலி இடம். குண்டுமல்லி நாலு செடி, கொஞ்சம் ரோஜா, கத்தரி, தக்காளி, வெண்டை, ஒரு எலுமிச்சை, இரண்டு முருங்கை. மாடியில் முப்பது பைகளில் கீரையும் மிளகாயும். அன்றிலிருந்து யூரியா, பொட்டாஷ் என்று கடை உரம் எதையும் தொட்டதில்லை (ஒரே ஒரு விலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்). கொள்கை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆடு, மாடு, கோழி மூன்றும் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்குப் பை வாங்குவது என்பதுதான். எனக்குத் தொழில் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. பகலெல்லாம் மில்லிகிராம் பார்த்து நிறுக்கும் கைக்கு, சாயங்காலம் பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளிப் போடுவது ஒரு சுகம். அந்தச் சுகம்தான் முதல் வருடம் என்னைக் கவிழ்த்தது.

முதலில் வாங்கியது கோழிக் குப்பை. நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது முட்டைக்கோழிப் பண்ணைக் குப்பைக்கா பஞ்சம்? அது மட்டுமல்ல, எங்கோ படித்த கணக்கும் மண்டையில் இருந்தது. மாட்டுத் தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம்தான், கோழி எருவில் மூன்று சதவீதம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரண்டரைக்கு மேல். ஆறு மடங்கு சத்து என்றால் ஆறில் ஒரு பங்கு போட்டால் போதும் என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கோ ஆறு மடங்கு நல்லது என்று புரிந்தது. மூட்டையைப் பிரித்தபோதே அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. மக்கவே இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் வேண்டாம். ஆனாலும் போட்டேன். செடிக்கு ஒரு சட்டி, தண்ணீரும் விட்டேன். ஐந்தாம் நாள் கத்தரி இலை ஓரமெல்லாம் கருகி, அப்பளம் பொரித்த மாதிரி சுருண்டது. ஆறு கத்தரியில் இரண்டுதான் மிஞ்சின.

மல்லி சாகவில்லை. அது வேறு விதமாகப் பழிவாங்கியது. இரண்டு மாதம் தழைத்துத் தள்ளியது. கொடி கொடியாக இலை, மொட்டு மட்டும் இல்லை. அப்புறம் கொழுந்து இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பச்சை நூலில் பின்னிய மஞ்சள் துணி போல இருந்தது. பசி என்று நினைத்து இன்னும் ஒரு சட்டி கோழிக் குப்பை போட்டேன். இன்னும் வெளுத்தது.

காரணம் பிற்பாடுதான் விளங்கியது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், கார அமில நிலை (pH) 8.4 என்று வந்தது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேக்னசைட் வெட்டிய வெள்ளைக்கல் மேடுகள் தெரியும். வெள்ளைக்காரன் சுண்ணாம்புக் குன்று என்று பெயர் வைத்தது இவற்றுக்குத்தான். நிலமும் காரம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. வாளியில் வெள்ளைப் படலம் கட்டும். இந்த மாதிரி மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. முட்டைக்கோழிக்கோ ஓடு கெட்டியாக வர வேண்டும் என்று தீவனத்தில் சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் கலக்கிறார்கள். முட்டை ஓட்டுக்குப் போக மிச்சச் சுண்ணாம்பெல்லாம் எச்சத்தில்தான் வருகிறது. ஆக, ஏற்கெனவே காரமான மண்ணுக்கு நான் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு வைத்திருக்கிறேன். முட்டை ஓட்டைப் பொடித்துச் செடிக்குப் போடச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் அதனால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊர் மண்ணுக்கு அது வெந்த புண்ணில் வேல்.

இதில் ஒரு வேடிக்கை. அதே லோடில் பாதியை ஏற்காட்டில் இருக்கும் சித்தப்பாவின் காபித் தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பியிருந்தேன். அவர் சில்வர் ஓக் நிழலில் குவித்து, சருகு போட்டு மூடி, நாலு மாதம் மறந்துவிட்டார். அப்புறம் காபிக்கும் மிளகுக் கொடிக்கும் தூவினார். அங்கே செடி ஜம்மென்று இருக்கிறது. மலை மண் மழையில் சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோன புளிப்பு மண். காபிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிச் சுண்ணாம்பு போடுகிற ஊர் அது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் அதே குப்பை மருந்தாகிவிடுகிறது. "உனக்கு வேண்டாம்னா இங்க அனுப்புடா" என்று சித்தப்பா இப்போதும் வருடா வருடம் கேட்கிறார்.

மல்லியை மீட்கத்தான் அந்த ஒரே விலக்கு. அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, லிட்டருக்கு ஐந்து கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை இலையில் தெளித்தேன். அது பட்டறைத் தராசில் நிறுத்த ஐந்து கிராம், கைக்கணக்கு இல்லை. மூன்றாம் தெளிப்பில் கொழுந்து பச்சையாக வந்தது. ஆனால் மண்ணே தேறுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதைச் செய்தது மாட்டுக் குப்பை.

மாட்டுக் குப்பையிலும் முதல் அனுபவம் நன்றாக இல்லை. "நல்லா மக்கினதுங்க, மூணு வருசக் குப்பை" என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போனார்கள். மேலே கறுப்பு, மண்வெட்டியை விட்டால் உள்ளே பச்சைச் சாணமும் சோளத்தட்டும். நிலத்தில் போட்ட இடமெல்லாம் அடுத்த மழைக்குப் பார்த்தீனியமும் கோரையும் முளைத்தன. கோரையை நான் இன்றுவரை பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் வண்டி கொட்டுவதற்கு முன்பே குவியலின் நடுவில் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பேன். உள்ளே கதகதப்பாக இருந்தால் இன்னும் வேகிறது என்று அர்த்தம், வேண்டாம் என்றுவிடுவேன். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். முதல் மழை விழுந்த நிலத்தின் வாசம் வர வேண்டும். சாண வாசம் வந்தால் ஆகாது.

குவியலுக்குள் கட்டை விரல் தடிமனில் அரிவாள் மாதிரி வளைந்த வெள்ளைப் புழுக்கள் கிடக்கும். பார்த்ததும் உதறிவிட்டு ஓட வேண்டியதில்லை. பெரியவை பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. குப்பையைத் தின்று கிடக்கும், வேருக்குப் போகாது. ஆனால் வண்டாகிப் பறந்தால் பக்கத்து வீட்டுத் தென்னையின் குருத்தைக் குடையும். வேரைக் கடிக்கிற வேர்ப்புழு வேறு ஜாதி, அளவில் சிறிது. இரண்டையும் உட்கார்ந்து பிரிக்க எனக்குப் பொறுமை இல்லை. சல்லடையில் சலித்து, அகப்பட்டதை எல்லாம் எதிர்வீட்டு நாட்டுக்கோழிகளுக்குப் போட்டுவிடுவேன். என் தலையைப் பார்த்தாலே அவை ஓடி வருகின்றன.

மாட்டுக் குப்பையில் சத்து குறைவு என்று எழுதி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் மண்ணுக்கு உடம்பு கொடுப்பது அதுதான். வந்த புதிதில் எங்கள் செம்மண் மழை பெய்து காய்ந்தால் ஓடு கட்டிவிடும், களைக்கொத்து எகிறும். வருடம் ஒரு டிராக்டர் வீதம் போட்டு, மேலே சருகு மூடி, மூன்றாம் வருடம் முடிவில் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை விட முடிந்தது. சித்திரை வெயிலில் தினம் விட்ட தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. மல்லி முதன்முதலாக ஒழுங்காகப் பூத்ததும் அந்தக் கோடையில்தான்.

ஆட்டுக் குப்பைக்கு என்னை மாற்றியவர் எங்கள் தெரு வழியாக மேச்சேரி ஆடு ஓட்டிப் போகும் பெரியவர். கருகிய கத்தரியை வேலிக்கு வெளியே நின்றபடி பார்த்தார். "ஏந்தம்பி, செடிக்குச் சோறு போட்டீங்களா, சூடு போட்டீங்களா?" என்றார். "கோழிக் குப்பைங்க" என்றேன். "அது ஏக்கருக்குப் போடறவனே ஆறப்போட்டுத்தானுங்க போடுவான். நம்ம பட்டிக்கு வாங்க" என்றார்.

போனேன். முதலில் நான் வாங்கி வந்தது வெறும் புழுக்கை. அது தப்பு. காய்ந்த ஆட்டுப் புழுக்கை லேசில் கரையாது. மாடிப் பைகளில் போட்டது ஆறு மாதம் கழித்தும் கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது. பெரியவர் சிரித்துவிட்டு, பட்டியின் தரையைச் சுரண்டி எடுத்துத் தந்தார். ஆட்டின் மூத்திரம் ஊறி, குளம்பில் மிதிபட்டு, புழுக்கையும் மண்ணும் தழைக் குச்சியும் ஒன்றாகிப்போன பட்டி அடி. சரக்கு அதுதான். அந்தக் காலத்தில் கிடை போடச் சொல்லி, நிலத்துக்காரர் கூலியும் நெல்லும் கொடுத்ததற்குக் காரணமும் அந்த மூத்திரம்தான். ராத்திரி முழுக்க ஆடு படுத்த இடத்தில் அடுத்த பயிர் தனியாகத் தெரியும்.

நான் செய்வது இவ்வளவுதான். பட்டி அடியை நிழலில் குவித்து, கைக்கு ஈரம் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, சாக்கு போட்டு மூடி, இருபது நாளுக்கு ஒருமுறை புரட்டி, இரண்டரை மாதம் விடுவேன். கடைசியில் பத்துக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு. கறையான் வராமல் இருக்கத்தான் முக்கியமாக. பைக்கு இரண்டு கைப்பிடி, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. மல்லிக்குக் கவாத்து (கிளை வெட்டுவது) முடிந்ததும் செடிக்கு ஒரு சட்டி. தழைச்சத்தோடு சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) நன்றாக இருப்பதால் இலையும் வருகிறது, பூவும் வருகிறது. நாலு வருடத்தில் ஒரு செடிகூடக் கருகவில்லை. பச்சையாகக் கடித்துத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லிக்கு மட்டும் எந்தக் குப்பையானாலும் நாலு மாதத்துக்குக் குறையாமல் மக்கியதைத்தான் போடுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது.

கரைசல்களைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். என் அனுபவத்தில் அவை ஊறுகாய். சோறு இருந்தால்தான் ருசி. மண்ணில் ஒன்றும் போடாமல் வாரம் ஒரு கரைசல் தெளிக்கும் நண்பர் ஒருவர், செடி ஏன் எழவில்லை என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை இரண்டு வருடம் நானே போட்டேன். சாணத்தில் நெய்யைப் பிசைந்ததைப் பார்த்து, "ஏண்டா, வீட்ல ஒரு சொட்டு நெய் கேட்டா கொலஸ்ட்ரால்ங்கற, சாணிக்கு அரைக் கிலோவா?" என்று அம்மா இரண்டு நாள் முறைத்தார். ஒரு மாதம், காலை மாலை கலக்க வேண்டும். லிட்டருக்கு முப்பது மில்லி. பலன் உண்டா என்று பார்க்க, பத்து மிளகாய்ப் பையில் ஐந்துக்கு மட்டும் தெளித்து, மூன்று பறிப்பையும் பட்டறைத் தராசில் நிறுத்தேன். தெளித்தது 2,140 கிராம், தெளிக்காதது 1,910. கொலுசுக்கு வந்தவர்கள் மிளகாயை நிறுக்கிறானே என்று பார்த்தார்கள். பலன் இருக்கிறது, ஆனால் நெய்க்கும் பாலுக்கும் ஆன செலவுக்கு என் மூன்று சென்டில் கட்டுப்படி ஆகாது. மாடு சொந்தமாக வைத்திருப்பவர்கள் செய்யலாம்.

அதற்குப் பதிலாக இப்போது அமிர்தக் கரைசல். ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், ஒரு கைப்பிடி வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர், ஒரு நாள் ஊறல். பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேருக்கு விடுவேன். வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கறுத்த, உதிர்ந்த சரக்காகப் பார்த்து வாங்குவேன். விலையும் குறைவு, நுரைத்துப் பொங்குவதும் நன்றாக இருக்கிறது.

மீன் அமிலம் கீரைக்கு அருமை. மேட்டூர் கட்லா வெட்டும் கடையில் கழிவைச் சும்மாவே தருகிறார்கள். சம எடை வெல்லம், மூன்று வாரம், லிட்டருக்கு ஐந்து மில்லி. அரைக்கீரை மூன்றாம் நாளே கருப்பச்சை ஆகிவிடும். ஒருமுறை மூடியை இறுக்கி வைத்து, அது வெடித்து, மாடிப் படிக்கட்டு ஒரு வாரம் நாறியது. தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டில் மாநாடு நடத்தின. மூடியைத் தளர்த்தி வையுங்கள், மாமியார் வரும் வாரத்தில் திறக்காதீர்கள்.

சேகோ ஆலைத் திப்பி (ஜவ்வரிசி எடுத்த பின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கை) மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை நேராக மண்ணில் போட்டேன். மாவுச்சத்து புளித்து ஈ மொய்த்ததுதான் மிச்சம். அது மாட்டுக்குத் தீவனம், மாடு வழியாகத் தோட்டத்துக்கு வரட்டும். வாழைப்பழத் தோல் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் ஊற்றுகிறேன். வீணாகப் போக வேண்டாமே என்றுதான், வேறு பெரிய வித்தியாசம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த வருடப் பட்டி அடிக்குச் சித்திரையில் வரச் சொல்லியிருக்கிறார் பெரியவர். மூட்டை நூற்றைம்பது என்கிறார், போன வருடம் நூற்றிருபது. பேரம் பேசலாம் என்று போனேன். போன முறை எடுத்துப் போன சாக்கு நாலு இன்னும் திரும்பி வரவில்லை என்று முதலில் அதை ஆரம்பித்துவிட்டார்.