குளிர்காலத்தில் நயாகரா: மேலே பறப்பதா, கீழே இறங்குவதா?

ஜனவரி, பிப்ரவரியில் நயாகரா போகிறவர்களுக்குப் படகு கிடையாது. அருவிக்குக் கீழே ஆற்றில் இருக்கும் பெரிய நீர்ச்சுழலுக்கு மேலே போகும் கேபிள் காரும் ஓடாது. கனடா பக்கத்தில் அருவியைப் பார்க்க மிஞ்சுவதில் முக்கியமான மூன்று: ஹெலிகாப்டர், ஸ்கைலான் கோபுரம், லிஃப்டில் 38 மீட்டர் இறங்கி அருவிக்குப் பின்னால் போகும் சுரங்கம். அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்றுக்கும் போய் வந்தோம். கையில் காசும் வானம் தெளிவாக ஒரு பகலும் இருந்தால், ஹெலிகாப்டர்தான் என் தேர்வு.

கோடையில் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கோடையில் நயாகரா என்றால் தண்ணீர். அதற்கு எவ்வளவு கிட்டப் போகிறோமோ அவ்வளவு நல்லது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரே பாதிதான். 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்துப் பகல் வேளையில் விநாடிக்குக் குறைந்தது 2,832 கன மீட்டர் நீரை அருவியில் விழவிட வேண்டும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 1,416 விட்டால் போதும். மீதியை மின்நிலையங்கள் எடுத்துக்கொள்ளலாம். பாதி என்றாலும் பிரம்மாண்டம்தான், அதில் குறையில்லை. ஆனால் அந்த மாதங்களில் அங்கே நிஜமாகப் பார்க்க வேண்டியது பனிக்கட்டி.

அந்தப் பனிக்கட்டி படுத்துக் கிடக்கிறது. அருவி நிமிர்ந்து நிற்கும், எதிரே நின்றால் போதும். உறைபனியோ பள்ளத்தாக்கின் அடியில் கரைக்குக் கரை பரவியிருக்கும். மேலிருந்து மிதந்து வரும் கட்டிகள் அருவியில் விழுந்து, கீழே ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, ஆற்றின் மேல் ஒரு பாலம் போலக் கிடக்கும். ஒரு காலத்தில் அதன் மேல் ஜனங்கள் நடந்து போவார்கள். 1912 பிப்ரவரி 4 அன்று அது உடைந்து மூன்று பேர் இறந்த பிறகு தடை வந்தது. 1964-இலிருந்து, நயாகரா ஆறு கிளம்பும் ஈரி ஏரி முகப்பில் குளிர்காலம்தோறும் மிதவைத் தடுப்பு போடுவதால் முன்னைவிடக் குறைவான கட்டிகளே வருகின்றன. அப்படியும், கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்க்கும்போது வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது, மேலே போனதும் விரிசல்களும் மடிப்புகளும் நடுவே பச்சைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுமாக விரிந்தது.

பறப்பது சுமார் 12 நிமிடம்தான். கீழ்ப்புறம் நீர்ச்சுழல் பக்கம் கிளம்பி, பள்ளத்தாக்கை ஒட்டியே, கனடா பக்கத்துப் பெரிய அருவியான ஹார்ஸ்ஷூ வரை வந்து திரும்புகிறது. எனக்கு அதில் மறக்க முடியாதது அந்தச் சுழல்தான். ஆற்றில் வரத்து குறைந்தால் சுழல் தன் வழக்கமான திசையை மாற்றிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் சுழற்சியை மேலிருந்து கண்டுபிடிப்பது சிரமம். அன்று வெள்ளைக் கட்டிகள் வரிசை பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

சரி, கஷ்டம் எங்கே? வானிலையில்தான். இரண்டு பக்கமும் பெரிய ஏரிகள். திடீரென்று பனி கொட்டும், மேகம் தாழும். பைலட் கண்ணால் பார்த்து ஓட்டும் பயணம் இது, விசிறியில் பனி படியக்கூடிய நிலையில் எடுக்க மாட்டார்கள். காலையில் கிடைக்காமல் மதியம் கிடைக்கலாம், நாள் முழுக்கக் கிடைக்காமலும் போகலாம். ஒரே நாள் பயணமாக வருகிறவர்கள் இதை மட்டும் நம்பி வரக்கூடாது. கட்டணமும் ஆளுக்கு 100 கனடிய டாலரைத் தாண்டிவிடும், கோபுரத்தைப் போலப் பல மடங்கு.

ஆனால் கிளம்பிவிட்டால், குளிர் கெடுதல் செய்வதில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, விசிறிக்கு நல்ல பிடிமானம். கோடை வெயிலில் தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்றின் குலுக்கலும் குறைவு. பலத்த காற்றடிக்கும் நாளில் எப்படியிருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. நாங்கள் போனது அமைதியான நாள். எடை பார்த்துத்தான் உட்காரவைப்பார்கள், ஜன்னலோரம் உறுதி என்று நினைக்க வேண்டாம். படம் எடுப்பவர்கள் கறுப்பு உடை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் கண்ணாடியில் நம் பிம்பம் விழுவது குறையும். லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டாதீர்கள், பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் கோடுகளாக விழும்.

கோபுரம் 1964-இல் திறந்தது. அருவியின் அடியிலிருந்து கணக்கிட்டால் 236 மீட்டர் உயரம். மலிவு, அவசரமில்லை, இரவு விளக்கொளியும் பார்க்கலாம். ஆனால் அது ஓரிடத்தில் நிற்கிறது. குளிர் ஏற ஏற அருவியின் நீர்ப்புகை கெட்டியாகும். அது நம் பக்கம் சாய்ந்தால் ஹார்ஸ்ஷூ பாதி மறைந்துவிடும், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சுழலும் அங்கிருந்து வெகு தூரம்.

சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அருவியின் அடியில் வெளியே நின்று பார்க்கும் கீழ்த்தளத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். அருவியின் பின்புறம் திறக்கும் வாசல்களில் ஒன்று நாங்கள் போனபோது பனிக்கட்டியால் அடைத்திருந்தது. வெள்ளைச் சுவர் ஒன்றுதான் தெரிந்தது, அதற்கு அப்பால் தண்ணீர் இடித்துக்கொண்டிருந்தது. சத்தத்துக்காகப் போகலாம், காட்சிக்காக வேண்டாம்.

ஆகவே காலையில் முதல் வேலையாக ஹெலிகாப்டர் தளத்துக்கு ஃபோன் செய்து கேளுங்கள். பறக்கிறார்கள் என்றால் உடனே போய்விடுங்கள், மதியத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். இல்லையென்றால் முதலில் சுரங்கம், வானம் வெளுத்தால் மறுபடி ஒரு ஃபோன், இருட்டிய பிறகு கோபுரம்.