பெட்டி சைக்கிளும் அதன் மழைக்கூடாரமும்: ஐந்தோவனிலிருந்து ஒரு அனுபவம்

எங்கள் பெட்டி சைக்கிளில் பிள்ளைகளுக்கு மேல் மூடுகிற மழைக்கூடாரத்தின் ஜிப் மறுபடியும் போய்விட்டது. அதைத் தைத்து வாங்கி வந்த கையோடு இதை எழுதுகிறேன், அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பக்கத்து ஊரான வெல்தோவனுக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் குடும்பம் இதே வண்டியை வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்கும், நெதர்லாந்தில் சின்னப் பிள்ளைகளோடு குடியேறி இதே கேள்வியில் நிற்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வண்டி உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்னால் மரப்பெட்டி, அதற்குள் இரண்டு பிள்ளைகள் உட்காரப் பலகை, இடுப்பு வார். முன்சக்கரம் 20 அங்குலம், பின்சக்கரம் 26. டச்சுக்காரர்கள் பாக்ஃபீட்ஸ் என்பார்கள். மிதிக்கும்போது கூடவே தள்ளுகிற மின் மோட்டார் ஒன்று உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அது உதவியை நிறுத்திக்கொள்ளும், ஐரோப்பியச் சட்டம் அப்படி. நாங்கள் வாங்கியபோது ஆறாயிரம் யூரோவை ஒட்டி ஆனது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. பள்ளி வாசலில் நிற்கிற மற்ற வண்டிகளின் கூடாரங்களையும் பார்த்துவிட்டேன், பெரிய வித்தியாசம் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நிஜமாகவே பெரிய நல்லது. பிள்ளைகள் கண் முன்னாலேயே இருக்கிறார்கள். மகளின் தலை என் கைப்பிடிக்கு ஒரு முழம் முன்னால். அவள் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவாள். வீட்டுக்கு வந்தபின் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்ற பதில்தான் வரும். அதே பிள்ளை பெட்டிக்குள் உட்கார்ந்தவுடன் யார் யாரோடு சண்டை, ஆசிரியை எதற்குச் சிரித்தார், டச்சில் என்ன புதுப் பாட்டு என்று எல்லாவற்றையும் கொட்டுவாள். மொழி தெரியாத நாட்டில் பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வந்ததே இந்த வண்டியால்தான். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்லவில்லை.

ஊர் சுற்றுவது அடுத்தது. இங்கே சைக்கிள் பாதைகளின் சந்திப்புகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்து. போக வேண்டிய இடத்துக்கான எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும், கைபேசியைப் பார்க்கவே வேண்டாம். 1995-இல் பக்கத்து பெல்ஜியத்தில், லிம்பர்க் மாகாணத்தில் ஒரு சுரங்கப் பொறியாளர் தொடங்கி வைத்த முறை இது. இப்போது நெதர்லாந்து முழுக்க இருக்கிறது. எங்கள் வீட்டில் தாள் மகளின் கையில் இருக்கும். மகன் பலகையைக் கண்டதும் எண்ணைக் கத்துவான். அவன் இரண்டிலக்க எண்களைப் படித்ததே இப்படித்தான்.

ஐந்தோவனுக்கும் வெல்தோவனுக்கும் நடுவே ஹோவன்ரிங் இருக்கிறது. 2012-இல் திறந்தது. கார்கள் கீழே போக, சைக்கிள்களுக்கென்று தனியாக ஒரு வட்டப் பாலம், 70 மீட்டர் உயரத் தூணிலிருந்து கம்பிகளில் தொங்குகிறது. வண்டியே ஓட்டாதவர்களும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம். நியூனன் பக்கம் போனால், ஓவியர் வான்கோ 1883 கடைசியிலிருந்து 1885 வரை இருந்த ஊர். 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' என்ற ஓவியத்தை வரைந்தது அங்கேதான். அந்த ஊருக்கும் ஐந்தோவனுக்கும் இடையே 2014-இல் ஒரு பாதை போட்டார்கள். பகலில் ஒளியை வாங்கி இருட்டில் மின்னுகிற கற்களைச் சுழல் சுழலாகப் பதித்திருக்கிறார்கள். மினுமினுப்பு பலமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் நாலு வயதுப் பையன் பெட்டியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி வருவதற்காகவே நான் மறுபடி மறுபடி போவேன்.

எல்லாவற்றுக்கும் மேல், என் மாமியார். கோடையில் ஊரிலிருந்து வந்திருந்தார். மூட்டுவலி, கால் கிலோமீட்டர் நடந்தாலே உட்கார இடம் தேடுவார். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து எதையும் பார்க்க அவரால் முடியாது. ஆகஸ்டில் ஸ்த்ராப்ரெக்ட்ஸ ஹைடெ என்ற புதர்வெளி முழுக்க ஊதா நிறத்தில் பூக்கும், ஆட்டு மந்தை மேயும். "அத்தை, பெட்டியில ஏறுங்க, நான் ஓட்டுறேன்" என்றேன். "என்னை என்ன மூட்டைன்னு நினைச்சியாம்மா?" என்றார். அப்புறம் தலையணையைப் போட்டு, புடவை சக்கரத்தில் மாட்டாதபடி சுருட்டி உட்கார வைத்தோம். பிள்ளைகள் அவர்கள் அப்பாவின் சைக்கிளில் முன்னும் பின்னுமாக வந்தார்கள். எங்கள் வண்டியில் பெட்டிக்கு எண்பது கிலோ வரை ஏற்றலாம், அத்தை அதற்கு வெகு கீழே. மணல் பாதையில் கொஞ்சம் திணறினேன், மற்றபடி மோட்டார் இழுத்துவிட்டது. ஒரு முதியவரை உள்ளே வரைக்கும் கூட்டிப்போய்ப் பூவைத் தொட வைக்கிற வாகனம் எனக்கு வேறு எதுவும் தெரியாது. கார் வாங்கியிருந்தால் வாகன நிறுத்தத்தோடு நின்றிருப்போம்.

இத்தனையும் வெயில் நாளில்.

சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையை விட இங்கே குறைவுதான். ஆனால் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இங்கே ஆண்டு முழுக்கப் பரப்பிப் பெய்கிறது. காலை எட்டே காலுக்கு ஒரு தூறல், மூன்று மணிக்கு ஒரு தூறல். இரண்டும் பள்ளி நேரம். அடுத்த இரண்டு மணி நேர மழையைக் காட்டும் பாவ்யென்ராடார் செயலியை இந்த ஊரில் எல்லோரும் காலையில் பார்ப்பார்கள், நானும் பார்க்கிறேன். பார்த்தாலும் எட்டரை மணிப் பள்ளியை ஒன்பதரைக்குத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே கூடாரம் இல்லாமல் இந்த வண்டி அரை வண்டி. அந்தக் கூடாரம்தான் இருப்பதிலேயே மட்டமான பாகம்.

இரண்டு கண்ணாடியிழைக் கம்பிகள், மேலே துணி, பக்கவாட்டில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், ஏறி இறங்க ஜிப். ஜிப்பின் கீழ்ப்பாதி சாலைப் புழுதிக்கு மிக அருகில் வருகிறது. குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பும் நுண்மணலும் பல்லுக்குப் பல் ஏறி உட்காரும். பிள்ளைகள் கையுறை போட்ட கையால் இழுப்பார்கள். பிளாஸ்டிக் பல் எத்தனை நாள் தாங்கும்? சில மாதத்தில் ஓடி வெறுமனே திறந்துகொள்ளும். ஜன்னல் பிளாஸ்டிக்கோ உறைபனிக் குளிரில் விறைத்து, மடிக்கிற கோட்டிலேயே வெடிக்கிறது. உள்ளே இரண்டு பேரின் மூச்சும் ஈர மேல்சட்டையும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் பனி படிந்துவிடும். அவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது, எனக்கு உள்ளே எதுவும் தெரியாது. நான் மேலே புகழ்ந்தேனே அந்தப் பேச்சு, அதுவும் அதோடு நின்றுவிடும். மழை துணியில் அடிக்கிற சத்தத்தில் "என்னம்மா?" "என்னடி?" என்று கத்திக்கொண்டே போக வேண்டியதுதான்.

காற்று இன்னும் மோசம். ஐந்தோவன் கால்வாய் ஓரமாகத் திறந்த பாதையில் பக்கக் காற்று அடித்தால் கூடாரம் பாய்மரம்போல் நின்று முன்சக்கரத்தைத் தள்ளும். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அந்தத் தள்ளலை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், உள்ளங்கை வியர்த்துவிடும். வானிலைத் துறை மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தால் நான் இப்போது எடுப்பதே இல்லை, பேருந்துதான்.

கடையில் போய்க் கேட்டால் கூடாரம் தேய்மானப் பொருளாம், உத்தரவாதத்தில் வராதாம். புதுக் கூடாரத்துக்குச் சொன்ன விலையில் ஒரு நல்ல பழைய சைக்கிளே வாங்கலாம். அதற்கும் பல வாரம் காத்திருக்க வேண்டுமாம், அதுவும் நவம்பரில். ஆறாயிரம் யூரோ வண்டியில் சட்டகம் உறுதி, மோட்டார் உறுதி, பிரேக் அருமை. பிள்ளைகள் மேல் தண்ணீர் விழாமல் காக்கிற ஒரே பாகத்தில் மட்டும் எதற்கு இந்தக் கஞ்சத்தனம்? மழை பெய்கிற நாட்டில் மழைக்காக வடிவமைத்த பொருள் இது. எனக்குப் புரியவில்லை.

கடைசியில் உதவியது நகரில் கடை வைத்திருக்கும் ஒரு துருக்கித் தையல்காரர். பழைய ஜிப்பை முழுதாகப் பிரித்துவிட்டு, முகாம் கூடாரங்களுக்குப் போடுகிற தடித்த ஜிப்பைப் பொருத்தினார், கீழே ஒரு துணி மடிப்பு வைத்துப் புழுதி படாமல் மறைத்தார். கடைக்காரர் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஊசித் துளைகள் வழியே கசியும் என்று அவரே எச்சரித்து, தையல் மேல் தடவ ஒரு பசையும் வாங்கச் சொன்னார். இதை வைத்திருப்பவர்கள் ஜிப் போவதற்கு முன்பே இப்படிச் செய்துகொள்ளுங்கள். மெழுகுவர்த்தியை ஜிப்பில் தேய்ப்பதும் கொஞ்சம் உதவுகிறது.

டச்சுப் பெற்றோர்கள் பலர் கூடாரமே போடுவதில்லை. மழைக் கால்சட்டை, தொப்பி வைத்த மேல்சட்டை, அவ்வளவுதான். நாம் என்ன சர்க்கரையில் செய்தவர்களா, கரைந்துபோக, என்பார்கள். அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் மகனுக்குக் குளிர்காலத்தில் இளைப்பு வரும். அவனை நனைத்துக் கூட்டிப்போக என்னால் முடியாது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயிலில் ஏற்ற முடியாது, எனவே பயணம் வீட்டிலிருந்து தொடங்கி வீட்டில்தான் முடியும். காப்பீடு எடுத்தால் அவர்கள் அங்கீகரித்த பூட்டைத்தான் கேட்பார்கள், மலிவுப் பூட்டு போட்டுவிட்டுப் பணம் எதிர்பார்க்காதீர்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் தயாரிப்பாளர் பெயரையும் மாடலையும் விசாரியுங்கள். 2024 பிப்ரவரியில், சட்டகம் முறிகிற ஆபத்தைச் சொல்லி ஒரு பெரிய நிறுவனத்தின் பெட்டி சைக்கிள் விற்பனையையே இங்கே அரசு ஆணையம் நிறுத்தியது. அரிசி மூட்டையும் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வசதியாகப் போகாது, கடைக்குத் தனியாகப் போங்கள்.

சரி, வாங்கலாமா? என் பதில், வாங்காதீர்கள். கோடையின் அத்தனை சுகத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் வரை, எட்டரைக்கு மேல் விடிகிற டிசம்பர் இருட்டில், ஒரு கையால் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓடிப்போன ஜிப்பை இழுத்துக்கொண்டு நிற்கிற அம்மாக்களுக்கு ஆறாயிரம் யூரோ கொடுத்த பொருள் இதைவிட நன்றாக உழைக்க வேண்டும். அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், காற்றடிக்கிற நாளில், கூடாரம் போட்டு, உங்கள் பிள்ளைகளையே உட்கார வைத்து ஓட்டிப் பார்க்க விடுகிற கடையில் மட்டும் வாங்குங்கள். எங்கள் வண்டியை விலைக்குக் கேட்ட இருவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மகன் கால் மடக்கி அந்தப் பெட்டிக்குள் உட்கார முடிகிற வரை அதை விற்பதாக இல்லை.