என்.சி.சி.யா ஸ்கவுட்டா ஜே.ஆர்.சி.யா, எட்டாவதுல எதுல போடறது?

எங்க பையன் கும்பகோணம் பக்கத்துல ஒரு எய்டட் ஸ்கூல், இப்ப பத்தாவது. எட்டாவதுல இந்த மூணுக்கும் பேர் கேட்டாங்க, நாங்க என்.சி.சி.ல போட்டோம். இப்ப தெருவுல ரெண்டு மூணு பேரு எதுல சேக்கலாம்னு கேக்கறாங்க, அதான் எழுதறேன். நான் எந்தப் பக்கம்னு இப்பவே தெரிஞ்சிருக்கும்.

ஒழுக்கம், தேசப்பற்று எல்லாம் தெரிஞ்ச கதை, விட்டுடறேன். ஜே.ஆர்.சி. ரெட் கிராஸோட பள்ளிக்கூடப் பிரிவு, முதலுதவி கத்துக்கலாம், செலவு கம்மி. ஆர்வமான டீச்சர் கெடச்சா நல்லா நடக்கும், இல்லன்னா ஜூன்ல சந்தா கட்டறதோட சரி.

நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான், வருஷம் பூரா நடக்குமா நடக்காதா. பெரும்பாலான ஸ்கூல்ல ஸ்கவுட் ஓடறது ஒரே ஒரு சாரை நம்பித்தான். பையனுக்கு முன்னாடி செட்டுக்கு ஒரு சார் இருந்தாரு, டெண்ட் அடிக்கிறது, ரீஃப் நாட், க்ளோவ் ஹிட்ச் மாதிரி கயித்து முடிச்சு, கேம்ப் ஃபயர்னு பசங்க அவரு பின்னாடியே சுத்துவாங்க. அவரு ரிட்டயர் ஆனதும் ஸ்கார்ஃப் எல்லாம் பீரோவுக்குள்ள போயிடுச்சு, ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் மட்டும் வெளிய வரும். என்.சி.சி.லயும் ஸ்கூல் சார்தான் பொறுப்பு, ஆனா ஏ.என்.ஓ. (அசோசியேட் என்.சி.சி. ஆபீசர்) ஆகணும்னா அவரு நாக்பூர் பக்கம் காம்ப்டீல டிரெய்னிங் முடிக்கணும், லேடி டீச்சருக்கு குவாலியர். அது போக பட்டாலியன்ல இருந்து ஆர்மிக்காரங்க வந்து டிரில் எடுப்பாங்க, கேம்ப் தேதியும் அங்கேருந்துதான் வரும், பரேட் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லன்னா ஸ்கூல் லெவல்ல குடுக்கிற 'ஏ' சர்டிபிகேட் பரீட்சை எழுத முடியாது. அதனால ஒருத்தர் சோம்பேறியா இருந்தாலும், டிரான்ஸ்பர் ஆனாலும் வண்டி நிக்காது. இன்னொண்ணு, எட்டாவது ஒன்பதாவதுன்னு ரெண்டு வருஷத்துல முடிஞ்சுடும், பத்தாவது பப்ளிக்குக்கு இடைஞ்சல் இல்ல. ஸ்கவுட்ல பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய, த்ரிதீயன்னு ஒவ்வொரு படியா ஏறி கவர்னர் குடுக்கிற ராஜ்ய புரஸ்கார் வரைக்கும் போகணும், நடுவுல சார் மாறினா படி அங்கயே நின்னுடும்.

என்.சி.சி.ல கஷ்டம் இல்லையான்னா இருக்கு, மழைக்காலம். ஐப்பசி பொறந்துட்டா நம்ம ஊர்ல ஒரு துணி காயாது. வெள்ளிக்கிழமை ராத்திரி காக்கி ஃபேனுக்கு அடியில தொங்கும், பூட்ஸுக்குள்ள தினத்தந்திய சுருட்டி திணிச்சு வச்சிருப்போம், இவன் தரையில உக்காந்து பெல்ட் பக்கிள பிராஸோ போட்டு தேச்சுக்கிட்டு இருப்பான், வீடே நாறும். விடிஞ்சு போனா கிரவுண்டு சேறு, பரேட் கிடையாது, வராண்டாவுல உக்கார வச்சு மேப் ரீடிங். "இதுக்காடா விடிய விடிய தேச்ச"ன்னு அவங்க அம்மா கேப்பா. யூனிபார்ம் அரசாங்க செலவு, பாலிஷும் பிராஸோவும் நம்ம செலவு. கலெக்டர் லீவு விட்டு போன பரேடெல்லாம் பொங்கலுக்கு அப்பறம் சேத்து வச்சு நடத்துவாங்க, அந்த மாசம் டியூஷன் அடிபடும்.

வேலைக்கு ஆகுமான்னு கேக்கறவங்களுக்கு, 'ஏ'வ மட்டும் வச்சு ஒண்ணும் பெருசா நடக்காது. காலேஜ்லயும் தொடர்ந்து 'பி', 'சி' வாங்கணும். டிகிரியோட 'சி' வச்சிருந்தா ஆர்மி ஆபீசர் ஸ்பெஷல் என்ட்ரிக்கு யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாம நேரா இன்டர்வியூவுக்குப் போடலாம். இவன் அதுவரைக்கும் போவானான்னு கேட்டா சிரிக்கிறான், பரேட் முடிஞ்சு குடுக்கிற டிபனுக்காகத்தான் பாதி நாள் போனான்னு நெனைக்கிறேன்.

ஸ்கவுட்ட மட்டமா சொல்லல. சின்ன பசங்கள கப்ஸ், புல்புல்னு சேத்துக்குவாங்க, என்.சி.சி.க்கு 12 வயசாவது ஆகணும். ஓட்டம், உயரம்னு செலக்‌ஷன்ல கழிக்கிற வேலையும் அங்க இல்ல. கூச்ச சுபாவம் உள்ள புள்ளைக்கு நாலு பேரோட சேந்து சமைக்கிறதும் டெண்ட் கட்டறதும் டிரில்ல விட நல்லாவே ஒத்துக்கும். உங்க ஸ்கூல்ல ஸ்கவுட் சாருக்கு ரிட்டயர்மென்ட் தூரத்துல இருந்தா தாராளமா போடுங்க, அதை மட்டும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

பொண்ணுங்களுக்கு எப்படின்னா என்கிட்ட சொந்த அனுபவம் இல்ல. மச்சினிச்சி பொண்ணு என்.சி.சி.யோட ஸ்கூல் பொண்ணுங்க பிரிவு, ஜூனியர் விங்ல இருக்கா, பத்து நாள் கேம்ப்புக்கு கூட யாரு வர்றா, தங்கறது எங்கன்னு மொதல்லயே கேட்டுட்டுதான் மச்சினிச்சி கையெழுத்தே போட்டா.