கவுன்சலிங் விண்ணப்பக் காகிதங்கள்: பி.இ. முடித்தபின் ஒரு அனுபவப் பகிர்வு

பொறியியல் கவுன்சலிங்குக்கு நான் விண்ணப்பித்து, பி.இ.யும் முடித்தாயிற்று. இந்த வருஷம் தங்கையின் முறை. இத்தனை நாளில் எது கைகொடுத்தது, எது சும்மா என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

2017 வரை கவுன்சலிங்குக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் நிற்கவேண்டியிருந்தது. 2018-லிருந்து கவுன்சலிங் ஆன்லைன். அலைச்சல் குறைந்தது உண்மை, காகிதம் குறையவில்லை.

முதலில் இ-சேவை. சான்றிதழுக்கு 60 ரூபாய். ஒருமுறை கேன் எண் (இ-சேவையில் நமக்கென்று தரும் பதிவு எண், CAN) வாங்கிவிட்டால் அதை வைத்தே வருமானம், சாதி, முதல் பட்டதாரி என எல்லாவற்றுக்கும் போடலாம். இன்றுவரை அதே எண்தான் ஓடுகிறது, முழு மார்க். ஆனால் விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), துணை வட்டாட்சியர் என்று நகரும்போது எங்காவது ஒரு மேஜையில் உட்கார்ந்துகொள்ளும். நேரில் போய்த் தலையைக் காட்டினால்தான் அசையும். பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து டிஜிலாக்கர், சான்றிதழ்களை ஆன்லைனில் வைத்திருக்கும் அரசு ஆப். பாதிப் பயன். போர்டிலிருந்து நேராக வரும் மதிப்பெண் பட்டியல் எங்கும் செல்லும். நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் ஸ்கேன்தான். உள்ளே போக ஆதாரோடு இணைத்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும்; எங்கள் வீட்டில் இணைத்திருந்தது அப்பாவின் நம்பர். அவர் லாரியில். ஓடிபி வந்தால் வண்டியை ஓரங்கட்டிப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். பிள்ளைகளின் ஆதாரில் அவரவர் நம்பரையே சேர்த்துவிடுங்கள், நிம்மதி.

உண்மையில் அதிகம் உதவியது நண்பன். டைப் அடித்தது நான். அவன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் ஆதார், சாதிச் சான்றிதழ் இரண்டையும் பக்கத்தில் போட்டு விரலை வைத்து ஒப்பிட்டான். "டேய், உங்கப்பா பேர்ல இங்க ஒரு 'ஏ' கூட இருக்குடா" என்றான். சான்றிதழ் அச்சான இடத்தில் நேர்ந்த பிழை. சரிபார்ப்பில் மாட்டும் முன்பே மாற்றி வாங்கினோம். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதிலும் அவனுக்கு விடாப்பிடி. அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு கல்விக்கடன், உதவித்தொகை என்று போன இடத்திலெல்லாம் ஒருவரும் பெயரைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கிலும் அவன் யோசனைதான்: கல்லூரிக் குறியீட்டு எண்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதி, வரிசையை அடித்துத் திருத்தி, அதன்பிறகே திரையில் ஏற்றுவது. ஒதுக்கீடு நாம் கொடுத்த வரிசைப்படியே மேலிருந்து பார்க்கப்படும். கட்-ஆஃப் எட்டாது என்று பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். சேர விருப்பமில்லாததைப் போடவே போடாதீர்கள். அந்த நோட்டைத்தான் தங்கை இப்போது எடுத்து வைத்திருக்கிறாள்.

ஜெராக்ஸ் பத்து செட், பாஸ்போர்ட் போட்டோ இரண்டு டஜன் எடுத்தால் போதும். டிசியை மட்டும் ஸ்கேன் எடுக்காமல் கல்லூரியில் கொடுக்காதீர்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழால் எனக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. தங்கைக்கு அது கிடையாது. வீட்டில்தான் ஒரு பட்டதாரி வந்தாயிற்றே. "நீ ஒரு அரியர் வச்சிருக்கக் கூடாதா அண்ணா?" என்கிறாள்.