காயிலா, காண்டாக்டா? குழாய் மில்லுக்கு எது சரி

தகட்டுப் பட்டையை ரோலர்கள் வளைத்துக் குழாயாக்கும் மில்லில், கடைசியில் இரண்டு விளிம்புகளும் 'வி' வடிவில் நெருங்கி வரும். அங்கே பெரும்பாலும் 200 முதல் 450 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மின்னோட்டம் பாய்ந்து, விளிம்புகளை மட்டும் உருகும் சூட்டுக்குக் கொண்டுபோகிறது. அழுத்து ரோலர்கள் அவற்றை நெருக்கியதும் ஒட்டிவிடும். வெல்டிங் கம்பி தேவையே இல்லை. மின்சாரத்தை விளிம்புக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் போட்டி.

காண்டாக்ட் முறையில் செம்புக் கட்டைகள் விளிம்பை ஒட்டி உரசிக்கொண்டே மின்சாரத்தைத் தரும். நேராக இறங்குவதால் சேதாரம் குறைவு. பெரிய விட்டம், தடித்த சுவர் என்றால் இதற்குத்தான் பலம். ஆனால் கட்டை தேயும், மாற்ற மில்லை நிறுத்த வேண்டும். பட்டையில் அழுக்கோ செதிலோ இருந்தால் பொறி பறந்து தழும்பு விழும்.

இண்டக்ஷனில், அதாவது காயில் முறையில், தண்ணீர் ஓடும் செம்புக் காயில் குழாயைத் தொடாமலே சுற்றி நின்று அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். தேய்மானமும் இல்லை, தழும்பும் இல்லை. மெல்லிய சுவர்க் குழாய், மின்கம்பிக் குழாய், நாற்காலிக் குழாய் எல்லாவற்றுக்கும் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால், தூண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு விளிம்புக்குப் போகாமல் குழாயின் உள்சுவர் வழியாகச் சுற்றி வீணாகும். விட்டம் கூடக் கூட மின்கட்டணமும் கூடும்.

அதைத் தடுக்கத்தான் குழாய்க்குள் இம்பீடர் என்ற ஃபெரைட் (காந்த குணமுள்ள பீங்கான் போன்ற பொருள்) தண்டு. பல இடங்களில் அலட்சியம் இங்கேதான். குளிர்விக்கும் தண்ணீர் அடைபட்டால் ஃபெரைட் சூடேறிக் காந்த குணத்தை இழக்கும், வெல்டின் சூடு இறங்கும். உடனே பவரைக் கூட்டுவார்கள். கூட்டிய பவரும் வீண்தான். மெஷினைக் குறை சொல்லும் முன் இம்பீடருக்குத் தண்ணீர் போகிறதா என்று பாருங்கள்.

இந்த மின்னோட்டத்தைத் தரும் பவர் எந்திரம் பழைய வால்வ் (வெற்றிடக் குழாய்) வகையா, சாலிட் ஸ்டேட்டா (டிரான்சிஸ்டர் வகை) என்பதில் விவாதமே வேண்டாம். பழையது இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி வீண். புதியதில் 80 சதவீதத்துக்கு மேல் வேலைக்கு வரும்.

அப்புறம் ஒன்று: காயில் வாங்கும்போது, ஒரே பெரிய காயிலை எல்லா அளவுக்கும் ஓட்டலாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். குழாய்க்கும் காயிலுக்கும் இடைவெளி கூடினால் சூடு குறையும். அளவுக்கு ஒரு காயில் வையுங்கள்.