தலையில அடிபட்ட ஆளுக்குப் பயிற்சி: ஆசுப்பத்திரி வாட்டில தங்கியா, வீட்டில இருந்தா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பைக்கால விழுந்த ஆக்களின்ர வீட்டுக்காரர் அடிக்கடி கேக்கிற கேள்வி.

செலவு: அரசாங்க வாட் எண்டா காசில்லை, ஆனா கூட நிக்கிற ஆளின்ர நாட்கூலி போயிடும். வீடெண்டா ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஓட்டோக் காசு.

பயிற்சி: வாட்டில பிழையாச் செய்தா பிசியோ (உடற்பயிற்சி சொல்லித் தாறவ) உடன திருத்துவா. வீட்டில ஆள்தான் முயற்சி எடுக்கோணும், ஆனா சட்டைப் பொத்தான் பூட்டுறது, தேத்தண்ணி போடுறது எல்லாமே பயிற்சிதான், திரும்பத் திரும்பச் செய்தாத்தான் மூளை பழகும், அதில வீடு ஒரு படி மேல எண்டுதான் நான் சொல்லுவன்.

களைப்பு: ரெண்டிலயும் வரும். அது சோம்பல் இல்லை, அடிபட்ட மூளை கெதியாக் களைக்கும், ஏசாதேங்கோ (மாமாமார் கவனிக்கவும்).

விழுங்கவோ எழும்பி நிக்கவோ ஏலாட்டி வாட்தான். நடக்கிறார், மறதியும் கோவமும்தான் பிரச்சினை எண்டா வீடு, எல்லாத்தையும் கொப்பியில எழுதிப் பழக்குங்கோ, கிளினிக்கை மட்டும் விட்டிடாதேங்கோ.